முப்பத்தேழு புள்ளிக் கோலம்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை உட்கார்ந்து எண்ணிவிட்டேன். இடது கன்னத்தில் 19. வலது கன்னத்தில் 14. நெற்றியில் 3. மூக்கு நுனியில், திருஷ்டிக்கு வைத்த மாதிரி ஒன்று. ஆக மொத்தம் 37.

மார்கழி மாதத்து வாசலில் இத்தனை புள்ளி இருந்தால் யாராவது புண்ணியவதி இழுத்துக் கோலமாக முடித்துவிடுவாள். முகத்தில் இருந்தால்?

2021-ல் நடந்த சமாசாரம் இது. திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷனின் மூன்றாவது மாடியில் எனக்கு வாசம். அப்போது வயது 28. கிண்டியில் ஓர் ஆபீஸில் உத்தியோகம். ஊரில் அம்மா ஜாதகக் கட்டைத் தூசி தட்டி வெளியே எடுத்துவிட்டாள். 'ஒரு நல்ல போட்டோ அனுப்புடா' என்று தினம் ஒரு போன்.

பருவைப் பற்றி எனக்குப் பெரிய புகார் கிடையாது. அது விருந்தாளி. வரும், வீங்கும், நாலு நாள் உட்கார்ந்திருக்கும், போய்விடும். போகிறபோது செருப்பை நம் வாசலிலேயே விட்டுவிட்டுப் போகிறது பாருங்கள், அந்தக் கறுப்புத் தடம்தான் என் பிரச்னை. பரு போன பிறகும் மாதக்கணக்கில் அங்கேயே கிடக்கும்.

2020-ல் ஊர் உலகமெல்லாம் முகக்கவசத்தைத் திட்டிக்கொண்டிருந்தபோது உள்ளுக்குள் சந்தோஷப்பட்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். 37-ல் 34 மறைந்துவிடுகிறதே! அந்தச் சந்தோஷத்துக்கும் ஆயுசு கம்மி. கவசத்துக்குள் வியர்த்து, உரசி, தாடையில் புதுசாக நாலு பரு. அதற்கப்புறம் நாலு தடம்.

இன்னொரு விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். என் தோல் ரோஷக்காரத் தோல். சோப்பை மாற்றினால் சிவக்கும். சலூனில் புது லோஷன் தடவினால் எரியும். கோயிலில் குங்குமம் வைத்துக்கொண்டால்கூட நெற்றி அரிக்கும். இப்படிப்பட்ட தோலை வைத்துக்கொண்டு நான் மேன்ஷன்காரர்களிடம் யோசனை கேட்டேன் என்றால், என் புத்தியை நீங்களே அளந்து கொள்ளலாம்.

மேன்ஷனில் யாருக்கும் பெயர் கிடையாது, ஊர்தான். காரைக்குடி அண்ணன் சொன்னார்: "ஜாதிக்காயை சந்தனக் கல்லுல பாலு விட்டு இழைச்சுப் போடு தம்பி. எங்க ஆத்தா வைத்தியம்." போட்டேன். எரிந்தது. "எரிஞ்சாத்தான் வேலை செய்யுதுன்னு அர்த்தம்" என்றார். அந்த ஒரு வாக்கியத்தை நம்பியே ஆறு மாதத்தை ஓட்டினேன் சார்.

நாகர்கோவில்காரர் கஸ்தூரி மஞ்சள் என்றார். கடையில் கொடுத்தது நிஜமான கஸ்தூரி மஞ்சளா, சாதா மஞ்சளா என்று ஆராயும் ஞானம் எனக்கு இல்லை. ராத்திரி பூசி, காலையில் மூன்று தடவை தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் ஆபீஸ் போனேன். மேனேஜர் நிமிர்ந்து பார்த்தார். "என்னப்பா, ஆத்தா கோயிலுக்கு ஏதாவது வேண்டுதலா?"

எலுமிச்சம்பழம் சொன்னது யார் என்று நினைவில்லை; நினைவிருந்தால் இன்னும் அவரோடு பேசாமல் இருந்திருப்பேன். சாறைத் தடவிக்கொண்டு, சரியாகக்கூடக் கழுவாமல், பீச் ரோட்டில் மத்தியான வெயிலில் நடந்தேன். எலுமிச்சைச் சாறு பட்ட இடத்தில் வெயிலும் பட்டால் சிலருக்குத் தோல் வெந்து, பிறகு கறுத்தே போய்விடும் என்பது பின்னால் தெரிந்துகொண்டது. அன்று ராத்திரி தெரிந்ததெல்லாம், கன்னம் இரண்டும் தோசைக்கல் மாதிரி கொதித்தது மட்டும்தான். அடுத்து சமையல் சோடா. அதற்கடுத்து டூத் பேஸ்ட். பல் துலக்கச் சோம்பல்படுகிற என் ரூம் மேட், 'உன் மூஞ்சியாவது சுத்தமா இருக்கட்டும்' என்று தன் பேஸ்ட்டைத் தியாகம் செய்தான்.

மறுபடி எண்ணிப் பார்த்தபோது 37 என்பது 45 ஆகியிருந்தது.

திருச்சியிலிருந்து ஒரு ஜாதகம் பொருந்தி வந்தது அந்தச் சமயத்தில்தான். பெண் கூட்டுறவு வங்கியில் வேலை. இன்னும் ஒரு மாதத்தில் பெண் பார்க்கப் போகவேண்டும். மருந்துக் கடையில் போய் முகத்தைக் காட்டினேன். கடைக்காரர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. பின்னால் திரும்பாமலே கையை நீட்டி ஒரு ட்யூபை எடுத்து மேஜையில் வைத்தார். "ராத்திரி போடு தம்பி. பதினஞ்சு நாள்ல நீ யாருன்னு உனக்கே தெரியாது."

பொய் சொல்லக் கூடாது. அவர் சொன்னது அப்படியே பலித்தது. இரண்டே வாரத்தில் சிவப்பு அடங்கி, தடங்கள் மங்கி, முகம் இரண்டு பங்கு வெளுத்துப் பளபளவென்று ஆகிவிட்டது. மேன்ஷனே அசந்து போனது. காரைக்குடி அண்ணன், "பாத்தியா, ஜாதிக்காய் லேட்டா வேலை செஞ்சிருக்கு" என்றார்.

பெண் பார்த்தோம். பஜ்ஜி, சொஜ்ஜி, காப்பி. மொட்டை மாடியில் அஞ்சு நிமிஷம் தனியாகப் பேசவிட்டார்கள். அவள் நேராகப் பார்த்துப் பேசினாள். நான் வெயில் படாத பக்கமாகத் திரும்பி நின்று பேசினேன். பிடித்துப் போயிற்று. 2022 தை மாதம் நிச்சயதார்த்தம், ஆவணியில் கல்யாணம் என்று முடிவாயிற்று.

நிச்சயதார்த்தம் முடிந்த வாரம் ட்யூப் தீர்ந்தது. மூன்று மாதத்தில் அது எத்தனையாவது ட்யூப் என்பது வேண்டாம், விடுங்கள். காரியம்தான் ஆகிவிட்டதே என்று நிறுத்திவிட்டேன்.

நாலாவது நாள் முகம் தீப்பிடித்தது.

அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை. தண்ணீர் பட்டால் எரிந்தது. பேன் காற்று பட்டால் எரிந்தது. கன்னம் முழுக்கக் குங்குமச் சிவப்பு. அதற்கு மேல் கடுகு கொட்டியது போலச் சின்னச் சின்னப் பருக்கள். பயந்துபோய் இன்னொரு ட்யூப் வாங்கிப் போட்டேன். அடங்கியது. நிறுத்தினேன். முன்னைவிட மோசமாகத் திரும்பி வந்தது. காலி ட்யூபின் மேல் எறும்பு எழுத்தில் இருந்ததை அப்போதுதான் செல்போனில் படம் எடுத்துப் பெரிசாக்கிப் படித்தேன். ஹைட்ரோகுவினோன், ட்ரெடினாயின், மோமெடாசோன். கடைசியில் இருப்பது ஸ்டீராய்டு. கூடவே, பதிவு பெற்ற டாக்டரின் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று ஓர் எச்சரிக்கை. இந்த மாதிரி ஸ்டீராய்டுக் களிம்புகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதென்று மத்திய அரசு 2018-லேயே உத்தரவு போட்டாயிற்றாம். நம்ம கடைக்காரருக்கு அந்தச் செய்தி வந்து சேரவில்லை போலிருக்கிறது.

அவள் தினம் ராத்திரி ஒன்பது மணிக்கு வீடியோவில் கூப்பிடுவாள். நான் கேமராவை அணைத்துவிட்டுப் பேச ஆரம்பித்தேன். முதல் நாள் 'நெட் சரியில்லை' என்றேன். இரண்டாம் நாள் 'ரூம்ல கரண்ட் இல்லை'. மூன்றாம் நாள் 'கேமரா ரிப்பேர்'. 'நேத்து ஆபீஸ் மீட்டிங்ல எடுத்த போட்டோ ஸ்டேட்டஸ்ல வச்சிருந்தீங்களே, அது எந்த கேமரா?' என்று கேட்டாள். அது பழைய போட்டோ என்று சொல்லவும் வாய் வரவில்லை. பத்து நாள் பொறுத்தவள், பதினோராவது நாள் கூப்பிடவே இல்லை.

அவள் அப்பா என் அப்பாவுக்குப் போன் செய்திருக்கிறார். "மாப்பிள்ளைக்கு இதுல இஷ்டம் இல்லைன்னா இப்பவே சொல்லிடச் சொல்லுங்க. பொண்ணு சாப்பிடாம உக்காந்திருக்கு."

மறுநாள் விடியற்காலை ஐந்தரை மணிக்கு மேன்ஷன் கதவு தட்டப்பட்டது. மஞ்சப்பையோடு அப்பா. ராத்திரி பஸ்ஸில் கும்பகோணத்திலிருந்து நின்றுகொண்டே வந்திருக்கிறார். முப்பது வருஷம் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். பஸ்ஸில் நிற்பது அவருக்கு ஒரு விஷயமே இல்லை.

அப்பாவின் முகத்தைப் பற்றி உங்களிடம் சொல்லவில்லை. அவருக்கு 1965-ல், அஞ்சு வயதில், பெரியம்மை போட்டிருக்கிறது. பிழைத்ததே பெரிது. முகம் முழுக்கக் குழி. மழை பெய்து காய்ந்த மண் தரை மாதிரி இருக்கும். பிறந்ததிலிருந்து அதைப் பார்த்தே வளர்ந்ததால் எனக்கு அது தழும்பாகவே தெரிந்ததில்லை. அப்பாவின் முகம், அவ்வளவுதான். 1977-ல் நம் நாட்டில் பெரியம்மை அடியோடு ஒழிந்ததாக அறிவித்துவிட்டார்கள். அந்தத் தழும்பு உள்ள முகங்களும் இப்போது தெருவில் அபூர்வம்.

விளக்கைப் போட்டு என் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. "சட்டையை மாட்டு. ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

அரசு ஆஸ்பத்திரி தோல் பிரிவு. டோக்கன் நம்பர் 64. அப்போது உள்ளே போயிருந்தது 11. பெஞ்சில் உட்கார்ந்ததும் அப்பா தானாகவே ஆரம்பித்தார்.

"1988-ல உங்கம்மாவுக்கு என் போட்டோ அனுப்பினாங்க. ஸ்டூடியோக்காரன் நெகடிவ்ல பென்சிலை வச்சுத் தேய்ச்சு, அத்தனை குழியையும் மறைச்சுட்டான். உங்க தாத்தா அவனுக்குத் தனியா அஞ்சு ரூபா குடுத்தாரு. அந்தப் போட்டோவுல நான் சினிமாக்காரன் மாதிரி இருந்தேன்."

"அப்புறம்?"

"பொண்ணு பாக்கப் போனோம். சாயந்தரமாத்தான் போகணும், விளக்குக்கு எதிர்ல உக்காராதேன்னு உங்க தாத்தா சொல்லிச் சொல்லிக் கூட்டிட்டுப் போனாரு. உள்ள போயி உக்காந்தேன். மனசு கேக்கல. எந்திரிச்சுப் போயி ட்யூப்லைட்டுக்குக் கீழ இருந்த சேர்ல உக்காந்துட்டேன். உங்க தாத்தா வீட்டுக்கு வர்ற வரைக்கும் என்னைத் திட்டினாரு."

"அம்மா என்ன சொன்னா?"

"அதை உங்கம்மாகிட்ட கேளு" என்று சொல்லிவிட்டு, பையிலிருந்து இரண்டு இட்லிப் பொட்டலத்தை எடுத்தார்.

எங்கள் முறை வந்தது. டாக்டரம்மா நிமிர்ந்தார். பார்வை நேராக அப்பாவிடம் போயிற்று. "பெரியவரே, இது அம்மைத் தழும்பு. இத்தனை வருஷத்துக்கு அப்புறம் இதுக்கு..."

"எனக்கில்லீங்கம்மா. நான் நல்லாத்தான் இருக்கேன். பையனுக்கு."

அப்புறம் என்னைப் பார்த்தார். காலி ட்யூபை நீட்டினேன். கையில் வாங்கக்கூட இல்லை. "இது இன்னிக்கு ஏழாவது" என்றார் நர்ஸிடம்.

அமெரிக்காவில் கிளிக்மன் என்ற டாக்டரும் அவருடைய சகா ஒருவரும் 1975-ல் இப்படி மூன்று மருந்துகளைச் சேர்த்து ஒரு கலவையை எழுதி வைத்தார்களாம். டாக்டர் கண்காணிப்பில் கொஞ்ச வாரம் மட்டும் போட வேண்டியது. நம்மூரில் அந்தப் பரம்பரையைச் சேர்ந்த களிம்புகளைச் சிவப்பழகு க்ரீம் மாதிரி மாதக்கணக்கில் அப்பிக்கொள்கிறோம். ஸ்டீராய்டு தோலை மெலிதாக்கும், அதுவே பருவைக் கிளப்பும், நிறுத்தினால் நெருப்பு. இதற்கு நம் நாட்டுத் தோல் டாக்டர்கள் தனியாகப் பெயரே வைத்திருக்கிறார்கள் என்றால் எத்தனை பேர் இப்படி வந்து நின்றிருப்பார்கள் பாருங்கள்.

"சரி, இந்தக் கறுப்பு ஏன் வருது தெரியுமா?" என்று கேட்டுவிட்டு அவரே சொன்னார். "நம்ம ஊர்த் தோலுக்கு எங்க எரிச்சல் வந்தாலும் உடனே மெலனினைக் கொட்டும். புண்ணுக்கு மேல குடை பிடிக்கிற மாதிரி. புண்ணு பத்து நாள்ல ஆறிடும். குடையை மடக்க மாசக்கணக்காகும். நீங்க எலுமிச்சை, சோடான்னு போட்டது ஒவ்வொண்ணும் புது எரிச்சல். ஒவ்வொண்ணுக்கும் ஒரு புதுக் குடை."

45-க்கு அப்போதுதான் கணக்குப் புரிந்தது.

என் விரலை எடுத்து என் கன்னத்திலேயே தடவச் சொன்னார். "வழவழன்னு இருக்கா? அப்ப இது தழும்பு இல்லை, வெறும் கறை. போயிடும். குழி இருந்தாத்தான் வேற வைத்தியம்." பழுப்பாக இருப்பது மேல்தோலில் இருக்கிற கறை, சில மாதத்தில் மங்கும். சாம்பல் நீலமாக இருப்பது ஆழத்தில் இறங்கியது. அதற்கு வருஷம்கூட ஆகலாம். என் முகத்தில் அப்படி நாலைந்து இருந்தன.

பெரிய மருந்துப் பட்டியலை எதிர்பார்த்தேன். முதல் ஆறு வாரம் கிட்டத்தட்ட ஒன்றுமே தரவில்லை. ஸ்டீராய்டை ஒரேயடியாக நிறுத்தாமல், லேசானதாக மாற்றிக் குறைத்துக்கொண்டே வந்தார். மற்றபடி, நுரை அதிகம் வராத வாசனையில்லாத ஒரு திரவம், காலையும் ராத்திரியும் முகம் கழுவ. கழுவின ஈரத்தோடு ஒரு சாதாரண மாய்ஸ்சரைசர். துண்டால் தேய்க்காதே, ஒற்று. பருவைக் கிள்ளாதே. ஷேவிங்கில் எதிர்ப்பக்கம் இழுக்காதே. ஜாதிக்காயைச் சமையல்காரரிடம் கொடுத்துவிடு. இவ்வளவுதான்.

சன் ஸ்க்ரீனில் மட்டும் கறாராக இருந்தார். வெயில் பட்டால் மங்குகிற தடமும் மறுபடி கறுக்குமாம். எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாமல், ஆள்காட்டி விரலும் நடுவிரலும் நீளத்துக்கு இரண்டு கோடு பிழிந்தால்தான் முகத்துக்கும் கழுத்துக்கும் அளவு. நான் அதுவரை சந்தனப் பொட்டு அளவுக்கு வைத்துக்கொண்டிருந்தேன். 'நான் ஏ.சி. ரூம்ல ஜன்னலோரம்தான் டாக்டர் உக்காந்திருக்கேன்' என்றேன் பெருமையாக. கண்ணாடி வழியாகவும் ஒரு ரகக் கதிர் வருமாம். மறுநாள் மேஜையை மாற்றச் சொல்லி மேனேஜரிடம் கேட்டு, அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தது தனிக்கதை. மாநிற, கறுப்புத் தோலைக் கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சமும் கறுக்க வைக்கும் என்பதால், இரும்பு ஆக்ஸைடு கலந்த நிறமுள்ள சன் ஸ்க்ரீன் நல்லது என்றார். முதல் நாள் அதை நான் பூசிக்கொண்ட லட்சணத்தில், 'தெருக்கூத்து எத்தனை மணிக்கு?' என்றான் ரூம் மேட்.

எரிச்சல் முழுக்க அடங்கிய பிறகுதான் மருந்து. அசிலெய்க் ஆசிட் 10 சதவீதம். தோலில் வாழ்கிற ஒரு பூஞ்சை தேமல் வந்த இடத்தை வெளுக்க வைப்பதை ஆராயப் போன இடத்தில் அகப்பட்ட சரக்காம் இது. தேமலுக்கு நன்றி சொல்கிற காலமும் வந்தது! முதலில் ஒரு வாரம் தாடை ஓரத்தில், காதுக்குக் கீழே மட்டும் போட்டுப் பார்க்கச் சொன்னார். ஒன்றும் ஆகவில்லை. பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள் ராத்திரி, பட்டாணி அளவு. கொஞ்சம் குறுகுறுத்தது. எரிந்தால் வேலை செய்கிறது என்று இந்தத் தடவை நான் நினைக்கவில்லை. எரிந்தால் போன் செய் என்று அவர் சொல்லியிருந்தார். மாதம் ஒரு தடவை ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில் போட்டோ எடு, தினம் கண்ணாடியில் எண்ணாதே என்றார். இந்தக் கடைசி உத்தரவுதான் ரொம்பக் கஷ்டம்.

ஆஸ்பத்திரி கதையில் அன்று ராத்திரியை விட்டுவிட்டேனே. அப்பா பஸ் ஏறுவதற்கு முன்னால், "ஒம்பது மணிக்கு அந்தப் பொண்ணுக்கு நீயே போன் போடு" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஒன்பது மணிக்கு ரூம் ட்யூப்லைட்டுக்கு நேர் கீழே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். கை நடுங்கியது. கேமராவைப் போட்டுவிட்டுத்தான் கூப்பிட்டேன். எடுத்தாள். பார்த்தாள். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"இது எப்பலேருந்து?"

சொன்னேன். எலுமிச்சையிலிருந்து மருந்துக் கடை வரை எல்லாம். பெண் பார்க்க வந்த முகம் ட்யூபில் வந்த முகம் என்பதையும் சொன்னேன். அந்த வாக்கியத்தைச் சொல்லத்தான் அதிக நேரம் பிடித்தது.

அவள் அழுவாள் என்று நினைத்தேன். திட்டினாள். "பத்து நாளா நான் என்னென்ன நினைச்சேன்னு தெரியுமா உங்களுக்கு? ஆபீஸ்ல யாரோ இருக்காங்கன்னு எங்க அக்கா சொல்லிட்டா. நானும் நம்பிட்டேன். மூஞ்சில பருன்னு சொல்றதுக்கு என்ன?" மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "டாக்டர் என்ன சொன்னாங்க? எழுதிக் குடுத்ததைக் காட்டுங்க." சீட்டைக் கேமராவுக்கு முன்னால் பிடித்தேன். மறுநாளிலிருந்து காலை ஒன்பது மணிக்கு ஒரு செய்தி தவறாமல் வர ஆரம்பித்தது: 'ரெண்டு விரல் போட்டாச்சா?'

ஆவணிக்குள் எல்லாம் மறைந்துவிட்டது என்று எழுத ஆசைதான். மறையவில்லை. பழுப்பெல்லாம் ஆறு மாதத்தில் கிட்டத்தட்டப் போய்விட்டது. அந்தச் சாம்பல் நிறத்தில் நாலு, இடது கன்னத்தில் நின்றன. தாலி கட்டும்போது அவையும் இருந்தன. கடைசி ஒன்று போனது 2023 தீபாவளிக்கு. மருந்துக் கடைக்காரர் சொன்ன பதினைந்து நாளுக்கும் இதற்கும் நடுவில் இருக்கிற வித்தியாசத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கல்யாண ஆல்பம் இரண்டு மாதம் கழித்து வந்தது. கும்பகோணத்தில் கூடத்தில் உட்கார்ந்து எல்லோருமாகப் புரட்டினோம். போட்டோக்காரர் கம்ப்யூட்டரில் என் நாலு தடத்தையும் துடைத்துவிட்டிருந்தார். எனக்கு உள்ளூரத் திருப்திதான், மறைப்பானேன்! அம்மா அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். மணமக்களோடு மாப்பிள்ளையின் பெற்றோர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டாள்.

"எம் பக்கத்துல நிக்கறது யாருடா?"

எட்டிப் பார்த்தேன். அப்பா. வழவழவென்று, மைதா மாவில் செய்த மாதிரி ஒரு முகம். ஒரு குழி இல்லை.

"கம்ப்யூட்டர்ல தானா அப்படிச் செஞ்சிருப்பாங்கம்மா" என்றேன்.

"ஒரு தடவை இப்படித்தான் ஒரு போட்டோவை அனுப்பி ஏமாத்தப் பாத்தாங்க" என்றாள் அம்மா, அப்பாவைப் பார்க்காமல். "நல்ல வேளை, இவரு வெளிச்சத்துல வந்து உக்காந்தாரு. இல்லேன்னா வேண்டாம்னு சொல்லியிருப்பேன்."

அப்பா பேப்பரை விரித்துப் பிடித்துக்கொண்டார். என் மனைவி அந்தப் பக்கத்தைச் செல்போனில் படம் எடுத்து, போட்டோக்காரருக்கு அனுப்பினாள். 'மாமா முகத்தை இருந்தபடியே போட்டுத் திருப்பி அனுப்பவும். எக்ஸ்ட்ரா சார்ஜ் எவ்வளவு?'

800 ரூபாய் ஆயிற்று.